மின்னேற்றும் தொழிலைச் செயற்கை நுண்ணறிவு விழுங்கிவிடுமா?

இரவு பத்தரை மணிக்குமேல் ஒரு மின்பேருந்துப் பணிமனையின் வாயிலில் நின்று பாருங்கள். கடைசி நடையை முடித்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழைகின்றன. டீசல் வண்டிகளாக இருந்தால் இந்நேரம் எண்ணெய்க் குழாய் அருகே ஒரு வரிசை நிற்கும். வண்டிக்குச் சில நிமிடம். தொட்டி நிரம்பியதும் அடுத்தது. இங்கே அந்த வரிசை இல்லை. வண்டிகள் தத்தமக்குரிய இடத்தில் போய் நிற்கின்றன. ஊழியர் ஒருவர் தடித்த கறுப்பு வடம் ஒன்றைத் தூக்கிவந்து, அதன் முனையிலுள்ள கைப்பிடியை வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் துளையில் செருகுகிறார். கைப்பிடி துப்பாக்கியைப் போல் இருப்பதால் அதைக் 'கன்' என்றே சொல்கிறார்கள். விளக்கு ஒன்று எரிகிறது. ஆனால் மின்னோட்டம் உடனே பாயவில்லை! அந்த வண்டிக்கு நள்ளிரவு ஒன்றேகால் மணிக்குத்தான் முறை. அடுத்து நிற்கும் வண்டிக்கோ இப்போதே தொடங்கிவிட்டது. காலை நாலரை மணிக்கு முதலில் புறப்பட வேண்டியது அதுதான்.

எந்த வண்டிக்கு எப்போது என்று முடிவு செய்தவர் யார்? அப்படி ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு கணிப்பொறி செய்த முடிவு அது.

சென்னைவாசிகளுக்கு மின்பேருந்து இப்போது புதுமையல்ல. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. வண்டிகளை வாங்கி, மின்னேற்றி, ஓட்டுநரை அமர்த்தி ஓட்டுவது ஒரு தனியார் நிறுவனம். மாநகர் போக்குவரத்துக் கழகம் நடத்துநரை அனுப்புகிறது. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அந்நிறுவனத்துக்குப் பணம் தருகிறது. சீனத்தின் ஷென்சென் நகரமோ 2017ஆம் ஆண்டின் இறுதிக்குள்ளேயே தன் 16,359 பேருந்துகளையும் மின்வண்டிகளாக மாற்றிவிட்டது. பேருந்து, டாக்சி, சரக்கு வண்டி என்று நூற்றுக்கணக்கில் வண்டி வைத்திருப்போருக்கு மின்னேற்றித் தருவது இன்று தனியொரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

இத்தொழிலைப் பற்றி ஒரு கேள்வி எழுவது இயல்பே. கடிதம் எழுதித் தருகிறது, படம் வரைகிறது, கணிப்பொறிக்கு வேண்டிய ஆணைத்தொடரையும் தானே எழுதுகிறது செயற்கை நுண்ணறிவு. எந்த வண்டிக்கு எப்போது மின்னேற்றுவது என்று கணித்துச் சொல்வதுதான் இக்கம்பெனிகளின் திறமை என்றால், அத்திறமையை நாளைக்கு எவர் வேண்டுமானாலும் இயந்திரத்திடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாமே! பிறகு இவர்கள் எதை விற்றுப் பிழைப்பார்கள்? பணம் போட நினைப்பவருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று இது. ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ மின்னியல் படித்துக்கொண்டு, இத்துறையில் வேலை தேட இருக்கும் மாணவருக்கும் இது வயிற்றுப்பாட்டுக் கேள்விதான். விடை காண்பதற்குச் சற்றே கணக்குப் போட வேண்டும். பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும் போதும்.

அரிசியும் அண்டாவும்

நூறு பேருந்துகள் உள்ள ஒரு பணிமனையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது. நகரப் பேருந்து ஒன்று கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் மின்சாரம் செலவிடுகிறது என்று கொள்வோம். (யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, உங்கள் வீட்டு மீட்டர் காட்டும் அதே யூனிட்தான்.) அப்படியானால் ஒரு வண்டிக்கு 240 யூனிட், நூறு வண்டிக்கு 24,000. இடையில் வெப்பமாக வீணாவது பத்தில் ஒரு பங்கு என்றால், மின்வாரியத்தின் கம்பியிலிருந்து நாம் இழுக்க வேண்டியது ஏறத்தாழ 26,700 யூனிட். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவிடும் குடும்பங்கள் 89 சேர்ந்தால் அந்த இரண்டு மாதத்தில் எவ்வளவு செலவாகுமோ, அவ்வளவும் இங்கே ஒரே இரவில்!

இரவில் நமக்குக் கிடைப்பது ஏழு மணி நேரம். 26,700ஐ 7ஆல் வகுத்தால் சுமார் 3,800. அதாவது இரவு முழுவதும் சீராக இழுத்தால் 3,800 கிலோவாட் போதும். ஆனால் நம் பணிமனையில் தலா 120 கிலோவாட் தரக்கூடிய 50 சார்ஜர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வந்த வண்டிக்கெல்லாம் வந்தவுடன் முழு வேகத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? ஐம்பதும் ஒருசேர வேலை செய்யும். வீணாவதையும் சேர்த்து இழுவை 6,600 கிலோவாட்டைத் தாண்டிவிடும். நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்து, மிச்சம் மூன்று மணி நேரம் சார்ஜர்கள் சும்மா நிற்கும்.

'எப்படி இழுத்தாலும் மொத்தம் அதே 26,700 யூனிட்தானே, என்ன நட்டம்?' என்று கேட்பீர்கள். கல்யாணச் சமையலை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு வேண்டிய அரிசி எப்படியும் அதே அளவுதான். ஆனால் ஆயிரம் பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் பெரிய அண்டா வேண்டும். நான்கு பந்தியாகப் பிரித்தால் சின்ன அண்டாவே போதும். அரிசிக்கு ஒரு விலை, அண்டாவுக்கு ஒரு வாடகை. மின்சாரத்தில் அண்டா என்பது மின்மாற்றி, நிலத்தடி வடம், துணைமின் நிலையத்தில் நமக்கென்று ஒதுக்கித் தரும் அளவு ஆகியவை எல்லாம் சேர்ந்தது. தொழிற்சாலைகளின் மின்கட்டணச் சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: யூனிட் கணக்கு ஒருபுறம், உச்சத் தேவைக் கணக்கு ஒருபுறம் என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவதுதான் அண்டா வாடகை.

மின்னேற்ற நிலையங்களுக்கு இந்த இரட்டைக் கட்டணம் வேண்டாம், ஒற்றைக் கட்டணம் போதும் என்று மத்திய மின்துறை 2024ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் வாடகை குறைந்தாலும் அண்டா இல்லாமல் சமைக்க முடியாது. 3,800 கிலோவாட்டுக்கு வேண்டிய மின்மாற்றிக்கும் 6,600 கிலோவாட்டுக்கு வேண்டிய மின்மாற்றிக்கும் விலை வேறு. அதற்கு வேண்டிய இடம் வேறு. வாரியத்தின் அனுமதி கிடைக்க ஆகும் காலமும் வேறு.

அதே வழிகாட்டுதலில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. வெயில் இருக்கும் நேரத்தில், மின்சாரம் வழங்க ஆகும் சராசரிச் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் கட்டணமாக வாங்கலாம் என்கிறது அது. பகலில் சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைப்பதால் இந்தச் சலுகை. ஆனால் பகலில் நம் வண்டிகள் எங்கே இருக்கின்றன? சாலையில் அல்லவா! ஆகவே இரவு முழுதும் ஏற்றுவதா, அல்லது மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கடைசி நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்தி மலிவாகக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வதா, அதற்காக அங்கே ஒரு சார்ஜர் வைப்பது கட்டுப்படியாகுமா என்று கணக்கு கிளைவிட்டுப் போகிறது. மூளைக்கு வேலை இங்கேதான்.

ஒட்டுப்பலகை ஆலையில் பிறந்த கணக்கு

இந்த மூளை வேலைக்குச் செயற்கை நுண்ணறிவு இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 'முதலில் புறப்படும் வண்டிக்கு முதலில் ஏற்று. மொத்த இழுவை 4,500ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்' என்னும் ஒற்றை விதியே 6,600 என்ற உச்சத்தை 4,500க்குக் கொண்டுவந்துவிடும். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் தாளில் எழுதிவிடக் கூடிய விதி அது.

அதைவிட நுட்பமாக வேண்டுமா? அதுவும் பழையதே. 1938ஆம் ஆண்டு லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றின் பொறியாளர்கள், எந்த மரத்தை எந்த எந்திரத்தில் அறுத்தால் அதிக விளைச்சல் கிடைக்கும் என்று ஓர் இளம் கணித அறிஞரிடம் கேட்டார்கள். அவர் பெயர் லியோனித் கன்டரோவிச். அக்கேள்விக்கு விடை தேடும்போது அவர் கண்ட வழியே இன்று நேரியல் திட்டமிடல் எனப்படுகிறது. 1947இல் அமெரிக்காவின் ஜார்ஜ் டான்ட்சிக் அதற்கு விரைவான தீர்வு முறை ஒன்றைத் தந்தார். 1975இல் பொருளியலுக்கான நோபல் பரிசை கன்டரோவிச் பகிர்ந்துகொண்டார். மரத்துக்குப் பதில் வண்டி, எந்திரத்துக்குப் பதில் சார்ஜர், கணக்கு அதேதான். எந்த வண்டி எத்தனை மணிக்கு எவ்வளவு மிச்சத்தோடு வரும் என்று தெரிந்துவிட்டால், நூறு வண்டிக்கும் சிக்கனமான பட்டியலைச் சாதாரணக் கணிப்பொறி கண நேரத்தில் தந்துவிடும்.

'தெரிந்துவிட்டால்' என்றேன். சிக்கல் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை, மழை, சாலையில் நெரிசல், வண்டிக்குள் குளிர்சாதனம் முழு வேகத்தில். வழக்கமாக 35 விழுக்காடு மிச்சத்தோடு வரும் வண்டி அன்று 20 விழுக்காட்டோடு முக்கால் மணி தாமதமாக வருகிறது. பட்டியல் குலைந்துபோயிற்று! மேலும், மின்கலம் எப்போதும் ஒரே வேகத்தில் மின்சாரத்தை வாங்கிக்கொள்வதில்லை. குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது விளிம்பை நெருங்கியதும் குழாயைக் கொஞ்சம் மூடுகிறோம் அல்லவா? அதுபோல, லித்தியம் மின்கலமும் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பிய பிறகு ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசிச் சில விழுக்காட்டை நிரப்பத்தான் பொறுமை வேண்டும். கலம் மூப்படைய மூப்படைய இந்தக் குணமும் மாறும்.

செயற்கை நுண்ணறிவின் உண்மையான உதவி இங்கேதான். கடந்த காலத்து ஆயிரக்கணக்கான நடைகளை அதற்குக் காட்டினால், மழைக்கும் நெரிசலுக்கும் பயணிகளின் எண்ணிக்கைக்கும் மிச்ச மின்சாரத்துக்கும் உள்ள உறவை அது கற்றுக்கொள்கிறது. இன்றைய வானிலையைக் கொடுத்தால், இன்றிரவு எந்த வண்டி எப்படி வரும் என்று ஊகித்துச் சொல்கிறது. இத்தகைய வேலையில் அது சூரன்தான். கூகுள் நிறுவனம் தன் கணிப்பொறிக் கூடங்களைக் குளிர்விக்கும் பணியை டீப்மைண்டின் கற்கும் இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்தபோது, குளிர்விக்க ஆகும் மின்செலவு 40 விழுக்காடு வரை குறைந்ததாக 2016இல் அறிவித்தது.

ஆனால் நம் பணிமனையில் எவ்வளவு குறையும்? எளிய விதி 6,600ஐ 4,500 ஆக்கிவிட்டது. தரைமட்டம் 3,800. நடுவில் இருப்பது 700 மட்டுமே. நல்ல ஊகம் அதில் 300ஐக் குறைத்து 4,200க்குக் கொண்டுவந்தால் பெரிய சாதனை. பெரும் சேமிப்பைச் சாதாரணக் கணக்கே தந்துவிட்டது. மிச்சத்தில் ஒரு பகுதியைத்தான் நுண்ணறிவு தருகிறது. விளம்பரங்களில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, மொத்தப் புகழையும் நுண்ணறிவுக்கே கொடுத்துவிடுவது உண்டு. வாங்குகிறவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பழையதைப் பார்த்துக் கற்பதால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது. அப்படி ஒரு நாளில், சென்ற ஆண்டின் நடைகளைக் கற்ற இயந்திரம் என்ன ஊகிக்கும்? எந்தத் தடத்தை நிறுத்துவது, மிச்சமிருக்கும் மின்சாரத்தை எந்த வண்டிக்குக் கொடுப்பது, மருத்துவமனை ஊழியர்களை ஏற்றிவர எதை அனுப்புவது என்பவற்றைப் பொறுப்பான ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

ஐந்து மில்லி ஓம்

இனி, பணிமனையின் ஈரத் தரைக்கு வருவோம். இப்பகுதியைச் சற்று நின்று பார்க்கலாம். இத்தொழிலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

120 கிலோவாட் ஆற்றலை 600 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 200 ஆம்பியர். வீட்டில் மின்விசிறி எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். அந்த 200 ஆம்பியரும் கன்னுக்குள் இருக்கும் இரண்டு உலோக முனைகள் வழியே பாய்கிறது. சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். முனையும் துளையும் தொடும் இடத்தில் சிறிது மின்தடை இருந்தே தீரும். அரை மில்லி ஓம், அதாவது ஓர் ஓமில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஜூல் விதி உங்களுக்குத் தெரியும்: மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம். 200ஐ 200ஆல் பெருக்கினால் 40,000, அதை 0.0005ஆல் பெருக்கினால் 20 வாட். பரவாயில்லை, தாங்கும்.

தினமும் இரண்டு மூன்று முறை செருகி எடுக்கிறார்கள். கன் சில நாள் கைதவறித் தரையில் விழுகிறது. தூசி படிகிறது, மழைக்கால ஈரம் சேர்கிறது, முலாம் தேய்கிறது. தடை ஐந்து மில்லி ஓமாக உயர்ந்துவிட்டால்? அப்போதும் அது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் வெப்பம் 200 வாட்! சுண்டுவிரல் பருமனுள்ள இடத்தில் பல பற்றவைப்புக் கோல்களைச் சேர்த்து வைத்ததற்குச் சமம் அது. நல்ல வேளையாக முனைகளின் அருகே வெப்ப உணரி வைத்திருக்கிறார்கள். சூடு ஏறினால் சார்ஜர் தானாகவே ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. தீப்பிடிக்காது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை ஐந்து மணி நேரமாகிறது. நாலரை மணி வண்டி பாதி வயிற்றோடு நிற்கிறது. அந்த வண்டியை நம்பி நிறுத்தத்தில் நிற்பவர்கள் யார்? காய்கறி வாங்கக் கோயம்பேடு போகும் சிறு வியாபாரிகள், முதல் ஷிப்ட் தொழிலாளிகள், மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போகும் பெண்கள்.

இந்தத் தேய்மானத்தை நுண்ணறிவு முன்கூட்டியே கண்டுபிடிக்கும் என்பதில் ஐயமில்லை. பதினேழாம் எண் சார்ஜரின் முனைச் சூடு மூன்று வாரமாக மெல்ல மெல்ல ஏறிவருகிறது என்பதை மனிதக் கண் கவனிக்காது. இயந்திரம் கவனித்துச் சொல்லும். மிகப் பெரிய உதவி அது. ஆனால் சொன்ன பிறகு? மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டி, மிச்ச மின்னழுத்தம் இல்லை என்று சோதித்து, கன்னைக் கழற்றிப் புதியதை மாட்ட ஓர் ஆள் வேண்டும். புதிய கன் ஸ்டோரில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் பெட்டிக்குள் கிடந்தால் பயனில்லை. காற்று வடிகட்டியில் அடைந்த புழுதியைத் தட்டுவது, வடத்தின் மேலுறையை எலி கடித்த இடத்தைக் கண்டுபிடிப்பது என்று மற்ற வேலைகளும் இப்படித்தான். (எலியை மட்டும் எந்த நுண்ணறிவும் இதுவரை வசப்படுத்தவில்லை.) மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் மின்னேற்ற நிலையங்களுக்கென்றே தனி விதிகள் உண்டு. மின்கசிவு ஏற்பட்டு ஒருவர் உயிர் போனால் பதில் சொல்ல வேண்டியவர் கணிப்பொறி அல்லர். நிலையத்தை நடத்தும் நிறுவனமும் அதன் பொறியாளருமே.

அஞ்ச வேண்டியவர் யார்?

ஆகவே மின்னேற்றும் தொழிலில் இருப்போரை எல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தவறு. சிலர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மின்மாற்றி நிறுவி, 'காலையில் உங்கள் வண்டிகள் புறப்படும். புறப்படாவிட்டால் அபராதம் கட்டுகிறோம்' என்று ஒப்பந்தம் எழுதுகிறார்கள். வேறு சிலர் சார்ஜர்களை நிர்வகிக்கும் மென்பொருளை மட்டும் மாத வாடகைக்கு விடுகிறார்கள். பின்னவர்களுக்குத்தான் ஆபத்து.

அதற்குக் காரணமும் உண்டு. பலவகைச் சார்ஜர்களும் பலவகை மென்பொருள்களும் தமக்குள் பேசிக்கொள்வதற்கென ஒரு பொதுமொழி இருக்கிறது. ஓ.சி.பி.பி. என்று அதற்குப் பெயர். நெதர்லாந்தில் 2009இல் பிறந்தது. சார்ஜர் இந்த மொழி பேசுமானால், அதை மாற்றாமலே மென்பொருளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரரை மாற்றுவது போல. முன்பு அப்படியொரு மென்பொருளை எழுத நிரலர்கள் பலர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. இப்போது நுண்ணறிவின் துணையோடு சிறு குழுவே எழுதிவிட முடிகிறது. எழுதுவது எளிதாகி, மாற்றுவதும் எளிதாகிவிட்ட பண்டத்துக்கு என்ன விலை நிற்கும்?

மென்பொருள் மலிவாகிவிட்டது என்பதற்காக அதை அலட்சியப்படுத்தவும் கூடாது. இத்தாலியின் எனல் குழுமத்தைச் சேர்ந்த எனல் எக்ஸ் வே நிறுவனம், 2024 அக்டோபரில் தன் வட அமெரிக்கக் கிளையை மூடியது. அதன் மென்பொருள் நின்றால் வணிக நிலையங்களில் இருந்த சார்ஜர்கள் முழுமையாக இயங்கா என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு வந்தது. கருவி கெட்டுப்போகவில்லை, சுவரில் நன்றாகவே இருந்தது. தொலைவிலிருந்து ஆணையிட்ட மூளைதான் விடைபெற்றுவிட்டது! வண்டித் தொகுதி வைத்திருப்போர் இதைப் படித்துவிட்டு, 'உங்கள் கம்பெனி மூடினால் எங்கள் சார்ஜர் என்ன ஆகும்?' என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லத் தொடங்கினால் அதில் வியப்பில்லை.

நிலமும் மின்மாற்றியும் வைத்திருப்பவருக்கும் கவலை இல்லாமல் இல்லை. நல்ல ஊகத்துக்கு மூன்று வகைச் செய்திகள் வேண்டும். மின்கலத்தின் உள்நிலை வண்டி செய்த ஆலைக்குத் தெரியும். ஏற்றிய மின்சாரத்தின் கணக்கு சார்ஜர்காரரிடம் இருக்கும். நடைகளின் கால அட்டவணை போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கும். மூன்றையும் ஒரு கையில் சேர்ப்பவருடைய நுண்ணறிவே கூர்மையாகும். வண்டி செய்யும் ஆலையே 'வண்டியும் தருகிறோம், மின்னேற்றியும் தருகிறோம்' என்று வந்தால், நடுவில் நிற்கும் சார்ஜர்காரர் வெறும் இடம் கொடுப்பவராகச் சுருங்கிவிடுவார். போட்டி இயந்திரத்தோடு அன்று. அதே இயந்திரத்தைக் கையில் வைத்திருக்கும் இன்னொரு முதலாளியோடு. செய்திகள் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படும் ஒரு பத்தி, இங்கே ஓர் ஏக்கர் நிலத்துக்குச் சமம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தொழிலில் இதுவரை விழுந்தவர்களில் பலர் நுண்ணறிவால் விழவில்லை. தில்லி வட்டாரத்திலும் பெங்களூரிலும் மின் டாக்சிகளை ஓட்டிய புளூஸ்மார்ட் நிறுவனம், வண்டிகளுக்காகவே பெரிய மின்னேற்ற நிலையங்களை அமைத்திருந்தது. அதன் நிறுவனர்கள் நடத்திய ஜென்சோல் என்ற நிறுவனத்தில் கடன் பணம் வேறு வழிக்குத் திருப்பப்பட்டதாகக் கூறி, 2025 ஏப்ரலில் செபி இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதே வாரம் டாக்சிச் சேவை நின்றது. வண்டிகள் வருவது நின்றதும் சார்ஜர்களுக்கு வேலை இல்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பி நட்ட மின்மாற்றியைப் பிடுங்கிக்கொண்டுபோய் வேறு தெருவில் நட்டுவிட முடியுமா? சாதாரணக் கார்காரர்கள் வந்து போகும் நிலையத்தில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார். தொகுதி வண்டிகளுக்கான நிலையத்துக்கு அந்த வசதி குறைவு. கணிப்பொறி எத்தனை கூர்மையாக இருந்தாலும் இந்தப் பலவீனம் போகாது.

மூளையின் பசி

கடைசியாக, பலர் யோசித்துப் பார்க்காத ஒரு திசையிலிருந்தும் செயற்கை நுண்ணறிவு இத்தொழிலோடு மோதுகிறது. அதன் அறிவால் அன்று, பசியால்.

நுண்ணறிவு வாழ்வது பிரம்மாண்டமான கணிப்பொறிக் கூடங்களில். பன்னாட்டு எரிசக்தி முகமை 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, 2024ஆம் ஆண்டில் உலகிலுள்ள கணிப்பொறிக் கூடங்கள் எல்லாம் சேர்ந்து 41,500 கோடி யூனிட் மின்சாரம் உண்டன. உலக மின்செலவில் இது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. 2030இல் இது 94,500 கோடி யூனிட்டாக, அதாவது இரு மடங்குக்கு மேலாகலாம் என்பது அம்முகமையின் கணிப்பு. இதில் நுண்ணறிவுக்கு மட்டும் உரியது ஒரு பகுதியே. ஆனால் விரைந்து வளரும் பகுதி அதுதான். சென்னை, நம் நாட்டில் இத்தகைய கூடங்கள் மிகுந்த நகரங்களுள் ஒன்று. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அவை எழுந்து நிற்கின்றன.

மீண்டும் நம் நூறு பேருந்துப் பணிமனையை எடுத்துக்கொள்வோம். அதன் தேவை நாளுக்கு 26,700 யூனிட். 10,000 கிலோவாட்டை இரவு பகலாக இழுக்கும் ஒரு நடுத்தரக் கணிப்பொறிக் கூடத்துக்கு நாளுக்கு 2,40,000 யூனிட். ஒரு கூடம் ஒன்பது பணிமனைக்குச் சமம்! இரண்டும் ஒரே துணைமின் நிலையத்தின் வாசலில் விண்ணப்பத்தோடு நின்றால், முதலில் வந்தவருக்கு அண்டா கிடைக்கும். பின்னால் வந்தவர் புதிய துணைமின் நிலையம் எழும் வரை காத்திருக்க நேரலாம். அதற்கு வேண்டிய பெரிய மின்மாற்றிகள் எளிதில் கிடைப்பதில்லை. ஆணை கொடுத்தபின் கைக்கு வந்துசேர நான்கு ஆண்டுகள் வரை ஆகின்றன என்கிறது அதே முகமை. பணிமனைக்கு உள்ளே வைக்கும் மின்மாற்றி சிறியது. அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மேலே பெரியது இல்லாமல் கீழே சிறியதை வைத்து என்ன பயன்?

இதனால் ஒரு விந்தை நேர்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முன்பே விண்ணப்பித்து 4,500 கிலோவாட் அனுமதியைக் கையில் வைத்திருக்கும் பணிமனைக்கு, அந்தத் தாள் சார்ஜர்களைவிட மதிப்பு மிக்க சொத்தாகிவிட்டது. அவ்வளவு அனுமதி கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? பணிமனைக் கூரைமேல் சூரியத் தகடுகளை விரிப்பது ஒரு வழி. 1,000 கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் பரப்பு வேண்டும். நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 4,000 யூனிட் கிடைக்கும். நமது தேவையில் ஆறில் ஒரு பங்குகூட அன்று. அதுவும் வண்டிகள் வெளியே போயிருக்கும் பகலில் கிடைப்பது. அதைச் சேமித்து வைக்க, பேருந்துகளில் உழைத்து ஓய்வுபெற்ற பழைய மின்கலங்களைப் பணிமனை மூலையில் அடுக்கிவைக்கலாம். புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் முக்கால் பங்கு அவற்றில் இன்னும் இருக்கும். வண்டியைச் சுமந்து ஓடுவதற்கு அது போதாது. ஓர் இடத்தில் நின்றுகொண்டு, பகலில் வாங்கி இரவில் கொடுக்கப் போதும். 250 யூனிட் கொள்ளளவோடு பிறந்த கலத்தில் இப்போது 190 யூனிட் கொள்ளும் என்றால், அந்த 4,000 யூனிட்டைப் பிடித்துவைக்க இருபத்திரண்டு பழைய கலங்கள் வேண்டும். எந்தக் கலத்தை எப்போது நிரப்புவது, எவ்வளவு காலி செய்வது, எது சூடாகிறது என்று இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் வேலையை நுண்ணறிவிடமே ஒப்படைக்கலாம்.